விரலை அறியும் இரும்பு

1876 ஜனவரியில், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா ஊரில், ஒரு மதுக்கடையின் பின்னறையில் வையட் ஏர்ப் உட்கார்ந்திருந்தார். பிற்காலத்தில் ஹாலிவுட் படங்களால் உலகப் புகழ் பெற்ற அதே காவல் அதிகாரிதான். இடுப்பு உறையிலிருந்து அவருடைய ரிவால்வர் நழுவியது. விழும்போது அதன் சுத்தி நாற்காலியில் மோதியது, தோட்டா வெடித்தது. குண்டு அவர் கோட்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறியது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. உள்ளூர்ப் பத்திரிகை இதைச் செய்தியாக வெளியிட்டது.

துப்பாக்கியோடே வாழ்ந்த மனிதருக்கு இப்படி ஆனதென்றால், அந்தக் காலத்து ரிவால்வரின் உடலமைப்பையே சந்தேகிக்க வேண்டும். இன்று அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில், தகுதியுள்ள வயது வந்தவர் தனி உரிமச் சீட்டு இல்லாமலே கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு நடமாடலாம். கடைக்குப் போகிறவர், பேருந்துக்கு ஓடுகிறவர், குனிந்து காலணி மாட்டுகிறவர் என்று பலருடைய இடுப்பிலும் தோட்டா நிரப்பிய கருவி இருக்கிறது. விழுந்தாலும் இடித்தாலும் அது வெடிக்காமல் இருக்க வேண்டும். விரல் இழுத்தால் மட்டும், இழுத்த கணமே வெடிக்க வேண்டும். இரும்புக்கு இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொடுக்க நூறாண்டுக்கு மேல் ஆனது. அந்தப் படிப்பு இன்னும் முடியவில்லை என்பதுதான் முதல் துப்பாக்கி வாங்குகிறவர் அறிய வேண்டிய முக்கியமான செய்தி என்று நினைக்கிறேன்.

தோட்டாவின் அடிப்பகுதியில் நடுவே சிறு உலோகக் கிண்ணம் ஒன்று பதிந்திருக்கும். பிரைமர் என்பார்கள். அதற்குள் இருப்பது நெருப்புக்காகக் காத்திருக்கும் பொருள் அல்ல, அடிக்காகக் காத்திருக்கும் பொருள். இன்றைய பிரைமர்கள் பெரும்பாலானவற்றில் லெட் ஸ்டைஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் உண்டு. கிண்ணத்தின் முதுகில் ஊசி குத்தியதும், உள்ளிருக்கும் சிறு பட்டடைக்கும் ஊசிக்கும் நடுவே இந்தக் கலவை நசுங்கித் தீப்பொறி கக்கும். அந்தப் பொறி வெடிமருந்தைப் பற்றவைக்கும். அடித்தால் பற்றும் வேதிப்பொருளைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தலாம் என்று 1807-இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் ஃபோர்சைத். ஸ்காட்லாந்துப் பாதிரியார் அவர். பறவை வேட்டையில் பிரியம் கொண்டவர்.

பிரைமருக்கு யார் அடித்தார்கள் என்று தெரியாது. போதுமான அடி விழுந்தால் வெடிக்கும், அவ்வளவுதான். 1873-இல் வந்த புகழ்பெற்ற கோல்ட் ரிவால்வரில் ஊசி சுத்தியின் முகத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது. சுத்தி கீழே படுத்திருக்கும்போது ஊசிமுனை கிட்டத்தட்ட பிரைமரின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பின்னால் ஓர் இடி இடித்தால் போதும். அதனால் விவரமறிந்தவர்கள் ஆறு குழிகளில் ஐந்தில் மட்டும் தோட்டா போட்டு, காலிக் குழியின் மேல் சுத்தியை இறக்கி வைத்துக்கொண்டார்கள். கருவியின் குறையை மனிதர்கள் பழக்கத்தால் ஈடுகட்டிய காலம்.

அந்தக் குறையைக் கருவிக்குள்ளேயே தீர்த்த வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, 1890-களில் ஐவர் ஜான்சன் நிறுவனம் தன் ரிவால்வர்களில் வைத்த சிறிய எஃகுத் தகடு. ஊசியைச் சுத்தியிலிருந்து பிரித்துத் துப்பாக்கியின் உடற்சட்டத்துக்குள் வைத்தார்கள். சுத்தி முழு வேகத்தில் விழுந்தாலும் ஊசியை எட்டாது. சட்டத்தில் மோதி நின்றுவிடும். ட்ரிகரை இழுக்கும்போது மட்டும் ஒரு தகடு கீழிருந்து எழும்பி, சுத்திக்கும் ஊசிக்கும் நடுவே வந்து நிற்கும். சுத்தியின் அடியைத் தகடு வாங்கி ஊசிக்குக் கடத்தும். விரலை எடுத்தால் தகடு இறங்கிவிடும், இடைவெளி திரும்பிவிடும். வேறொரு சுத்தியலை எடுத்து இந்த ரிவால்வரின் சுத்தியை ஓங்கி அடியுங்கள், வெடிக்காது என்று நிறுவனம் விளம்பரமே செய்தது. விரல் ட்ரிகரில் இருக்கிறது என்ற செய்தியை உடலால் சுமந்து செல்லும் தூதன் அந்தத் தகடு. இத்தனை எளிமையான தீர்வு எல்லோரிடமும் உடனே பரவவில்லை என்பதுதான் வருத்தம். இரண்டாம் உலகப் போரின்போது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் ஒன்று போர்க்கப்பலின் எஃகுத் தளத்தில் விழுந்து வெடித்து ஒரு கடற்படை வீரர் இறந்தார். அதன் பிறகு அந்த நிறுவனம் அவசரமாகத் தன் தடுப்பு அமைப்பை மாற்றியது. பழைய பாணி ரிவால்வர்களைச் செய்துவந்த ரூகர் நிறுவனம் இந்தத் தகட்டுக்கு மாறியது 1973-இல்தான்.

விழுதல் ஏன் இவ்வளவு கொடுமையானது? கணக்கு எளிது. ஒரு பொருள் விழும் உயரத்தை, தரையில் மோதி நிற்க அது எடுத்துக்கொள்ளும் தூரத்தால் வகுங்கள். தன் எடையைப் போல் எத்தனை மடங்கு விசை அதன் மேல் வருகிறது என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். இடுப்புயரம் என்று 1.2 மீட்டரை வைத்துக்கொள்வோம். கான்கிரீட்டில் விழுந்து 1 மில்லிமீட்டருக்குள் நின்றால் 1,200 மடங்கு. துப்பாக்கிக்குள் இருக்கும் 5 கிராம் எடையுள்ள உறுப்பு அந்தக் கணத்தில் 6 கிலோ கனமானதைப் போல நடந்துகொள்ளும். பிஸ்டல் ட்ரிகரை இழுக்கப் பொதுவாக இரண்டரைக் கிலோ அளவு விசை போதும். மோதல் ஒரு மில்லி நொடிக்குள் முடிந்துவிடுவதால் அந்த 6 கிலோ முழுவதும் வேலை செய்யாது. ஆனாலும் பொறியாளரின் தூக்கத்தைக் கெடுக்க இது போதும்.

மண்வெட்டியின் தலை ஆடினால் காம்பின் நுனியைத் தரையில் ஓங்கித் தட்டுவோம். காம்பு நின்றுவிடும், தலை நிற்காமல் இறங்கி இறுகும். துப்பாக்கி விழும்போது நடப்பதும் இதே நிலைமம்தான். சட்டம் நின்றுவிடும், உள்ளே தளர்வாக இருப்பவை பயணத்தைத் தொடரும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1911 பிஸ்டலில் ஊசி தன் குழாயைவிடக் குட்டையானது. சுத்தி தட்டியதும் சொந்த வேகத்தில் பறந்து போய்ப் பிரைமரைக் குத்தி, சுருள்வில்லால் பின்னுக்கு வந்துவிடும். சுத்தி மேலே சாய்ந்து கிடந்தாலும் முனை பிரைமரைத் தொடாது. அருமையான யோசனை. ஆனால் பிஸ்டல் குழல்முனை கீழாக விழுந்தால், சட்டம் நின்ற பிறகும் ஊசி முன்னோக்கிப் போகும். உயரம் போதுமானதாக இருந்தால் குத்தியும் விடும். இதற்கு மருந்தாகச் சிலர் எஃகு ஊசிக்குப் பதில் டைட்டானியம் ஊசி வைத்தார்கள். எடை பாதியை நெருங்குவதால் அது சுமந்து வரும் ஆற்றலும் அதே அளவு குறையும். கோல்ட் நிறுவனம் 1983 முதல், ட்ரிகர் இழுபடும் வரை ஊசியை மறித்து நிற்கும் தடையைச் சேர்த்தது.

ஆஸ்திரியாவின் காஸ்டன் குளோக் 1980-களின் தொடக்கத்தில் செய்த பிஸ்டலில், கையால் இயக்க வேண்டிய பூட்டு எதையும் வைக்கவில்லை. எல்லாத் தடைகளையும் ட்ரிகரின் ஒரே பயணத்தோடு கட்டிப்போட்டார். ட்ரிகரின் நடுவில் துருத்தியிருக்கும் மெல்லிய நெம்பை விரல் அழுத்தினால்தான் ட்ரிகரே நகரும். நகர்ந்தால்தான் ஊசியை மறிக்கும் தடை உயரும். விழும்போது ட்ரிகர் தன் கனத்தாலேயே பின்னுக்கு ஓடப் பார்க்கும். நெம்போ மிக லேசானது, அசையாமல் நிற்கும், அதனால் ட்ரிகரும் நிற்கும். இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில் இந்த நெம்பைக் காணலாம்.

அது எதற்காக இருக்கிறது என்பது 2017-இல் பளிச்சென்று தெரிந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்க இராணுவம் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 வகையைத் தன் புதிய பிஸ்டலாகத் தேர்ந்தெடுத்தது. அதன் ட்ரிகரில் நடு நெம்பு கிடையாது. அமெரிக்கத் தொழில்துறையின் விழுகைச் சோதனை, 4 அடி உயரத்திலிருந்து கான்கிரீட்டின் மேல் விரித்த ரப்பர் பாயில் துப்பாக்கியைக் குழல் மேலாக, கீழாக, பக்கவாட்டாக என்று நேர்கோணங்களில் போட்டுப் பார்ப்பது. பி320 அதைத் தாண்டியிருந்தது. ஆனால் ஸ்லைடு என்னும், முன்பின் நகரும் மேற்பாகத்தின் பின்மூலை முதலில் தரையில் படுமாறு சாய்வாக விழுந்தால் சில சமயம் வெடித்தது. அந்தச் சாய்வில் ட்ரிகரின் நிலைமம் அது இழுபடும் திசையிலேயே அமைந்துவிடுகிறது. ஆகஸ்டில் நிறுவனம் இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. புதிய ட்ரிகரின் எடையைக் குறைத்தது. கையிலிருந்து நழுவும் பொருள் சோதனைக்கூடத்தின் நேர்கோணங்களைப் பார்த்து விழுவதில்லை. ஒரு துப்பாக்கி தரச்சோதனையில் தேறியது என்று கடைக்காரர் சொன்னால், எந்தெந்தக் கோணத்தில் என்று கேட்பது நியாயமான கேள்வி.

இத்தனை தடைகளும் விழுவதிலிருந்து விரலைப் பிரித்தறியும். சட்டை நுனியிலிருந்து விரலைப் பிரித்தறியாது. ட்ரிகர் வளையத்துக்குள் புகுந்த துணி மடிப்போ, மேற்சட்டைக் கயிற்றின் முடிச்சோ நெம்போடு சேர்த்தே ட்ரிகரை அழுத்தும். அப்போது எல்லாத் தடைகளும் ஒழுங்காகத் திறந்து வழிவிடும். எனவே உறை என்பது அலங்காரமல்ல, துப்பாக்கியின் ஓர் உறுப்பு. ட்ரிகர் வளையத்தை முழுவதும் மூட வேண்டும். வெளியிலிருந்து அழுத்தினால் வளையக் கூடாது. துப்பாக்கியை வெளியே எடுத்த பின்னும் வாய் திறந்தபடியே நிற்க வேண்டும். விமானங்களின் உட்புறத்துக்காக உருவான கைடெக்ஸ் என்னும் விறைப்பான பிளாஸ்டிக் இன்று உறைகளுக்குப் பரவலாகப் பயன்படுவது அதனால்தான். தோல் உறையும் நல்லதே. நைந்து தொய்ந்த பிறகு அதன் விளிம்பே உள்ளே மடிந்து ட்ரிகரை அழுத்தக்கூடும். உறையில்லாமல் பையிலோ இடுப்பிலோ செருகிக்கொள்பவர், நூறாண்டுப் பொறியியலை ஒரு துணி மடிப்பிடம் ஒப்படைக்கிறார். பயிற்சியாளர்கள் துப்பாக்கியை உறையில் திருப்பி வைக்கும் கணத்தைத்தான் அதிகம் கண்டிப்பார்கள். எடுப்பதற்கு அவசரம் இருக்கலாம்; வைப்பதற்கு எந்த அவசரமும் இல்லை. சட்டையை ஒதுக்கி, குனிந்து பார்த்து, மெதுவாக வைக்கலாம்.

விரலும் நாம் நினைக்கும் அளவுக்கு நம் சொற்படி நடப்பதில்லை. நரம்பியக்க ஆய்வாளர் ரோஜர் எனோகா இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு கை எதையாவது இறுகப் பற்றினால் மறு கையின் தசைகளும் தாமாகச் சுருங்கும். கால் இடறினால் கை எதையாவது பிடிக்கப் பாயும். திடீர் ஓசை கேட்டால் விரல்கள் மடங்கும். மனம் முடிவெடுக்கும் முன்பே இவை நடந்து முடிந்துவிடும். ஆகவே சுட முடிவு செய்யும் வரை விரல் ட்ரிகரில் இருக்கக் கூடாது, சட்டத்தின் பக்கவாட்டில் நீட்டி வைத்திருக்க வேண்டும் என்ற விதி, வெறும் ஒழுக்கப் பாடமல்ல. உடற்கூறு அறிந்து சொன்னது. குழல் எப்போதும் யாருக்கும் ஆபத்தில்லாத திசையில் இருக்க வேண்டும் என்ற விதியும் அதனோடு சேர்ந்தது. ஒன்று தவறினாலும் மற்றொன்று உயிரைக் காக்கும்.

முதல் துப்பாக்கி எது என்ற கேள்விக்கு, சிறியதும் லேசானதும் என்று பலர் பதில் சொல்வார்கள். பெண்கள் கேட்டால் இன்னும் உறுதியாகச் சொல்வார்கள். இயற்பியல் இதை ஒப்புக்கொள்ளாது. 8 கிராம் குண்டு நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் முன்னே போனால், அதே உந்தம் துப்பாக்கியைப் பின்னே தள்ளும். வெளியேறும் வாயுவின் பங்கை விட்டுவிட்டாலும், 800 கிராம் துப்பாக்கி நொடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தில் உதைக்கும். 400 கிராம் என்றால் 7 மீட்டர். ஆற்றல் சரியாக இரண்டு மடங்கு. அரைக் கிலோகூட இல்லாத குட்டி ரிவால்வரின் ட்ரிகரை இழுக்க ஏறத்தாழ 5 கிலோ விசை வேண்டும். தன் எடையைப் போல் பத்து மடங்கு இழுப்பைத் தாங்கி அசையாமல் நிற்பது தேர்ந்த கைக்கே கடினம். வலித்தால் பயிற்சி குறையும். பயிற்சி குறைந்தவர் இடுப்பில் இருக்கும் துப்பாக்கி அருகிலுள்ள எல்லோருக்கும் ஆபத்து. பிடியை முழுக் கையாலும் பற்ற முடிகிறதா, பற்றிய நிலையிலேயே ஆள்காட்டி விரல் ட்ரிகரை இயல்பாக எட்டுகிறதா, ஸ்லைடைத் தன் பலத்தால் இழுக்க முடிகிறதா என்பதைச் சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்லைடை இழுக்க முடிவது இன்னொரு காரணத்துக்காகவும் அவசியம். தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நம்பி எத்தனையோ பேர் உயிரை எடுத்திருக்கிறார்கள். குழலின் அறைக்குள் ஏற்கெனவே ஏறிய தோட்டா அங்கேயே இருக்கும். 1935-இல் வந்த பிரௌனிங் ஹை பவர், மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி அமைக்கப்பட்டது. இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை. முதலில் மேகசின், அதன் பிறகு ஸ்லைடு, கடைசியாக அறைக்குள் கண்ணாலும் விரலாலும் சோதனை. வரிசை மாறி ஸ்லைடை முதலில் இழுத்தால், மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும்.

இனி, எந்தத் தகடும் நெம்பும் பிரித்தறிய முடியாத ஒன்று இருக்கிறது: யாருடைய விரல் என்பது. 1887-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், பிடியின் பின்புறத்தை உள்ளங்கை அழுத்தினால்தான் சுடும் ரிவால்வரைக் கொண்டுவந்தது. சிறு குழந்தையின் கைக்கு அது இயங்காது என்பதே அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. 1995-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, பிள்ளைகளின் விரல் வலுவை அளந்து, அக்காலக் கைத்துப்பாக்கிகளின் ட்ரிகர் விசையோடு ஒப்பிட்டது. 3, 4 வயதினரில் கால்வாசிப் பேருக்கு, 5, 6 வயதினரில் 70 சதவீதத்தினருக்கு, 7, 8 வயதினரில் 90 சதவீதத்தினருக்கு அவற்றில் பலவற்றின் ட்ரிகரை இழுக்கும் வலு இருந்தது. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம் கையாலேயே இறக்கிறார்கள் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மனம் உடைந்த ஓர் இரவில் அலமாரியைத் திறக்கும் பதின்ம வயதுப் பிள்ளையின் விரலும், உரிமையாளரின் விரலும் பிரைமருக்கு ஒன்றே. கைரேகையும் முகமும் பார்த்துத் திறக்கும் துப்பாக்கிகள் இப்போதுதான் சந்தைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. மற்ற கோடிக்கணக்கான துப்பாக்கிகளுக்கு அந்த வேலையைச் செய்வது, உடலில் இல்லாத நேரமெல்லாம் அவை கிடக்க வேண்டிய பூட்டிய எஃகுப் பெட்டி. துப்பாக்கி வாங்கும் அன்றைக்கே, அதே கடையில், அதே ரசீதில் அதையும் வாங்கிவிட வேண்டும்.