ஒரே தறியில் இரு துணி: இரட்டை நெசவுப் பொறிகளும் காஞ்சிக் கோர்வைத் தறியும்

திறவுச்சொற்கள்: இரட்டைத் துணி, கோர்வை, நாடா, முகமுக நெசவு, துணையாள் உழைப்பு, கைத்தறிச் சட்டம்

முன்னுரை

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பட்டுச் சேலை வாங்க வரும் விவரமறிந்த பெண்கள், முந்தியைப் பார்ப்பதற்கு முன் கரையைத் திருப்பிப் பார்ப்பதுண்டு. உடலின் நிறமும் கரையின் நிறமும் சந்திக்கும் இடத்தில் ரம்பப் பல் போன்ற நுண்ணிய கோடு ஓடினால் அது கோர்வைச் சேலை. அக்கோடு அழகுக்காக இடப்பட்டதன்று. தனித்தனி ஊடைநூல் கொண்ட துணிகள் ஒரே தறியில், ஒரே வேளையில் நெய்யப்பட்டு, ஒவ்வோர் ஊடையிலும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டதன் தடயம் அது. 'கோ' என்னும் வினையடியிலிருந்து கோவை, கோர்வை ஆகிய சொற்கள் பிறந்தமையை நோக்க, நெசவாளர் இட்ட பெயர் தொழில்நுட்பத்தை உள்ளபடியே சொல்வதை உணரலாம்.

ஒரு தறியில் ஒன்றுக்கு மேற்பட்ட துணிகளை நெய்யும் முயற்சி ஐரோப்பாவில் பொறிவழியே வளர்ந்தது. காஞ்சிபுரத்தில் அது மனிதக் கைவழியே நிலைபெற்றது. இவ்வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் மரபுப்பற்றே காரணமாகச் சொல்லப்படுகிறது. அதனினும் அடிப்படையான காரணம் ஒன்று தறியின் அமைப்பிலேயே உள்ளது. நாடா எவ்விடத்தில் திரும்புகிறது என்பதே அது. அவ்விடத்தை விளக்குவதும், அங்கு அமர்ந்திருக்கும் துணையாளின் நிலையைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒன்றன்மேல் ஒன்றாக

தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டப்படுவது பாவு. குறுக்கே செல்வது ஊடை. பாவிழைகளில் ஒரு பகுதியை விழுதுகள் மேலே தூக்க, மேலிழைக்கும் கீழிழைக்கும் இடையே ஒரு வாய் திறக்கிறது. அவ்வாயின் வழியே நாடா ஊடையைக் கொண்டு செல்கிறது. பண்ணை அதனை அடித்து நெருக்குகிறது. எளிய நெசவுக்கு இரு விழுதுச் சட்டங்கள் போதும்.

பாவை இரு தொகுதிகளாகப் பிரித்து நான்கு சட்டங்களில் கோத்தால் நிலைமை மாறுகிறது. மேல்தொகுதியின் ஒரு பாதியை மட்டும் தூக்கி ஊடையைச் செலுத்தினால் மேல்துணியில் ஓர் இழை சேரும். மேல்தொகுதி முழுவதையும் கீழ்த்தொகுதியின் ஒரு பாதியையும் சேர்த்துத் தூக்கினால் கீழ்த்துணியில் ஓர் இழை சேரும். இவ்வாறு மாறி மாறி நெய்ய, ஒன்றன்மேல் ஒன்றாக இரு துணிகள் உருவாகின்றன. இரண்டுக்கும் தனித்தனி நாடா என்றால் இரு தனித் துணிகள். ஒரே நாடா மேலும் கீழுமாகச் சுற்றிவந்தால் தையலற்ற குழாய். ஒரு விளிம்பில் மட்டும் திரும்பினால், தறியின் அகலத்தைப்போல் இருமடங்கு அகலமான துணி மடிந்த நிலையில் கிடைக்கும். இரு தொகுதிகளும் இடையிடையே இடம்மாறினால் முன்புறம் ஒரு நிறமும் பின்புறம் வேறு நிறமும் கொண்ட இருபக்கத் துணி பிறக்கும். ஊடையின் திருப்பத்தையும் அடுக்குகளின் வரிசையையும் மாற்றினாலே இத்தனையும் கிடைத்துவிடுகின்றன என்பது நெசவின் வியப்புகளுள் ஒன்று.

இவ்வமைப்பின் மிகப் பெரிய பொறிவளர்ச்சி வெல்வெட்டில் நிகழ்ந்தது. பழைய முறையில் வெல்வெட்டின் குஞ்ச இழைகளை மெல்லிய கம்பிகளின்மேல் வளைத்து நெய்து, கம்பியின் பள்ளத்தில் கத்தியை ஓட்டி வெட்டுவர். கம்பியை ஒவ்வொன்றாகச் செருகி எடுக்க வேண்டியிருந்ததால் வேலை மிக மெதுவாகவே நடந்தது. முகமுக நெசவு கம்பியைத் தேவையற்றதாக்கியது. மேல்துணிக்கும் கீழ்த்துணிக்கும் நடுவே குறிப்பிட்ட இடைவெளி விட்டு, குஞ்சப்பாவு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று சென்று பிணைக்கும். நெய்த அடுக்கு முன்னகரும்போது, குறுக்கே ஓடும் கத்தி நடுவில் அறுத்துவிட, ஒன்றையொன்று நோக்கிய இரு வெல்வெட்டுகள் தனித்தனி உருளைகளில் சுருளும். துணிகளுக்கு இடையிலான தொலைவில் பாதியே குஞ்சத்தின் உயரம். எனவே அத்தொலைவு சிறிதளவும் பிசகலாகாது. குஞ்சப்பாவு தரைப்பாவைவிடப் பன்மடங்கு வேகமாகச் செலவாவதால் அதற்குத் தனி உருளையும் வேண்டும்.

தொடக்கத் தறிகளில் ஒரு வேளையில் ஒரு வாய்தான் திறந்தது. பின்னர் பாவிழைகளை மேல், நடு, கீழ் என மூன்று நிலைகளில் நிறுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக இரு வாய்களைத் திறந்து, இரு நாடாக்களை ஒரே வீச்சில் செலுத்தும் அமைப்பு வந்தது. பண்ணையின் ஓர் அடிக்கு இரு துணிகளும் வளர்ந்தன.

ஸ்பெயினில் தொடக்க வடிவம் பெற்ற இத்தகைய தறியொன்றின் உரிமையைப் பெற்ற இங்கிலாந்து ஆலையதிபர் சாமுவேல் கன்லிஃப் லிஸ்டர், ஹோசே ரெய்ஷாக் என்னும் ஸ்பானியரின் துணையோடு பிராட்ஃபோர்டு நகரின் மானிங்ஹாம் ஆலையில் அதனைச் செம்மைப்படுத்தினார். அவ்வாலையின் வெல்வெட் பிரிவில்தான் 1890 டிசம்பரில் கூலிக்குறைப்பு அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் புதிய இறக்குமதி வரி அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. ஏறத்தாழ 5,000 தொழிலாளர் ஈடுபட்ட வேலைநிறுத்தம் 1891 ஏப்ரல்வரை நீடித்துத் தோல்வியில் முடிந்தது. 1893இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி பிராட்ஃபோர்டில் தோன்றியதற்கு அத்தோல்வியும் ஒரு தூண்டுதல். ஒரு தறி இரு துணிகளைத் தந்தது. இரட்டித்த விளைச்சல் கூலியைக் காக்கவில்லை.

பக்கம் பக்கமாக

ஒரே தறியில் பல துணிகளைப் பக்கம் பக்கமாக நெய்வது இதனினும் பழைய முறை. பல நாடாப்பட்டைகளை ஒன்றாக நெய்யும் பட்டைத்தறியே அதன் முன்னோடி. டான்சிக் நகரில் நான்கு முதல் ஆறு பட்டைகளை ஒரே வேளையில் நெய்யும் பொறி இருந்ததென்றும், பலர் வேலையிழப்பர் என அஞ்சிய நகராட்சித் தலைவர் அதை உருவாக்கியவரை மறைவாகக் கொல்வித்தார் என்றும் 1636இல் வெனிசில் வெளிவந்த லான்செல்லோத்தியின் நூல் கூறுகிறது. மார்க்ஸ் 'மூலதன'த்தில் எடுத்தாண்டதால் புகழ்பெற்ற இச்செய்தி கேள்விவழி வந்தது. எனினும் பொறிக்கு எதிரான அச்சம் எவ்வளவு பழையது என்பதற்கு அது சான்று.

பட்டைத்தறியில் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு சிறு நாடா உண்டு. பட்டைகளுக்கு நடுவே வெற்றிடம் விடப்பட்டு, அவ்விடத்தில் நாடா தங்கும் கட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். நாடா பட்டையைக் கடந்து எதிர்க்கட்டையில் போய் நிற்கும். இன்று சோமனூர், பல்லடம் வட்டார அகலத்தறிகளில் இரண்டு துணிகளைச் சேர்த்து நெய்து நடுவில் அறுக்கும் முறை உள்ளது. அதில் ஊடை முழு அகலத்தையும் ஒரே ஓட்டத்தில் கடந்துவிடுகிறது. இரண்டிலும் ஊடையோ நாடாவோ பாவில்லாத இடத்தில்தான் நிற்கிறது அல்லது அறுபடுகிறது என்பதை இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும்.

கோர்வைத் தறியின் சிக்கல்

காஞ்சிபுரத்துக் குழித்தறியில் நெய்யப்படும் கோர்வைச் சேலையை மூன்று பட்டைகளாகக் கருதலாம்: இடக்கரை, உடல், வலக்கரை. மூன்றுக்கும் மூன்று நாடாக்கள். இடையில் வெற்றிடம் இல்லை. கரைப்பாவு முடியும் இடத்திலேயே உடற்பாவு தொடங்குகிறது. கரைநாடா கரையைக் கடந்ததும் அதன் ஊடை உடலின் ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஆகவே நாடா திரும்பும் இடம் பாவின் நடுவில் அமைகிறது. அங்குப் பெட்டி வைக்க வழியில்லை. திறந்த வாய்க்குள்ளிருந்து நாடாவை விரலால் எடுத்தே திருப்பியாக வேண்டும்.

1733இல் ஜான் கே உருவாக்கிய விசைநாடா கோர்வைக்குப் பயன்படாமற்போனது இதனால்தான். கயிற்றை இழுத்தால் விசைநாடா ஒரு விளிம்புப் பெட்டியிலிருந்து எதிர்விளிம்புப் பெட்டிக்குப் பாயும், நடுவில் நிற்காது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் சென்னைக் கலைப்பள்ளியோடு தொடர்புடைய ஆல்ஃப்ரெட் சாட்டர்டன், சேலத்தில் அரசு நெசவுச்சாலை நடத்தி விசைநாடாத் தறியைப் பரப்ப முயன்றார். சாலைக்கு வந்து நெய்ய நெசவாளர் தயங்கினர். வீட்டில் நெய்தால் மனைவியும் பிள்ளைகளும் உடனுழைப்பர் என்பது அத்தயக்கத்தின் காரணங்களுள் ஒன்று. விசைநாடா தென்னாட்டுப் பருத்தித் தறிகளில் படிப்படியாக இடம்பிடித்தது. கோர்வைத் தறியின் வாயிலில் அது நின்றுவிட்டது.

மரபுநோக்கில் இதனை இழப்பாகக் கருதாதவர்களும் உளர். ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் அடையாற்றில் நிறுவிய கலாக்ஷேத்திரம், அடுத்த ஆண்டே நெசவுக்கூடம் ஒன்றைத் தொடங்கியது. நடன உடைக்கென எழுந்த அம்முயற்சி பழைய கரைகளையும் நிறச்சேர்க்கைகளையும் மீட்டெடுத்தது. 'கலாக்ஷேத்திரா சேலை' எனத் தென்சென்னை இல்லங்களில் வழங்கும் பெயர் அதன் விளைவு. அகன்ற வேற்றுநிறக் கரை அவ்வகையின் அடையாளம். வேற்றுநிறம் கலங்காமல் நிற்க வேண்டுமானால் கோர்வை வேண்டும். கரைக்கும் உடலுக்கும் ஒரே ஊடையைச் செலுத்தினால் உடலின் நிறம் கரையில் கசிந்து தெரியும். இவ்வகையில் அடையாற்றின் அழகியல் மூன்றாம் நாடாவின் தேவையை மேலும் உறுதிசெய்தது எனலாம்.

மூன்றாம் நாடாவின் கை

குழியில் அமர்ந்த நெசவாளர் மிதிகளை இயக்கி, உடல்நாடாவையும் தம் பக்கத்துக் கரைநாடாவையும் செலுத்துகிறார். எதிர்க்கரை அவர் கைக்கு எட்டாது. அங்கு ஒரு துணையாள் அமர்ந்து, ஒவ்வோர் ஊடைக்கும் மூன்றாம் நாடாவை வாங்கிக் கோத்துத் திருப்புகிறார். நெடுங்காலம் அவ்விருக்கையில் அமர்ந்தது பெரும்பாலும் சிறுவரே. சிறுவிரல் நுண்ணிழைக்கு ஏற்றது என்று அதற்குச் சொல்லப்பட்ட நியாயம் ஏற்கத்தக்கதன்று. குறைந்த கூலிக்குக் கிடைத்த கை என்பதே உண்மைக்கு நெருக்கமானது. முன்பணக் கடனுக்கு ஈடாகச் சிறுவர் தறியில் அமர்த்தப்பட்டதைக் காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கிய மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்துள்ளது.

1986ஆம் ஆண்டின் சிறார் தொழில் தடைச் சட்டம், தடைசெய்த செய்தொழில்களின் பட்டியலில் நெசவையும் சேர்த்திருந்தது. ஆயினும் குடும்பத்தினரின் உதவியோடு நடைபெறும் பட்டறைக்கு விலக்களித்தது. கோர்வைத் தறியோ பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பது. 2016ஆம் ஆண்டின் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரைப் பணியமர்த்துவதைப் பொதுவாகவே தடைசெய்து, குடும்பத் தொழிலில் பள்ளிநேரம் போக உதவுவதற்கு மட்டும் இடம்விட்டது.

அவ்வாறாயின் மூன்றாம் நாடாவைப் பொறியிடம் ஒப்படைக்க இயலாதா? பட்டைத்தறியின் கட்டை இங்குப் பொருந்தாமையை மேலே கண்டோம். நெசவுப் பொறியியலில் அறியப்பட்ட மற்றோர் அமைப்பு இதற்கு நெருங்கிவருகிறது. புள்ளி உருக்களை நெய்யும் சில தறிகளில் சிறு நாடாக்கள் பாவுக்கு மேலே ஒரு சட்டத்தில் தொங்கும். வாய் திறந்ததும் சட்டம் தாழ்ந்து, பற்சட்டம் அந்நாடாக்களைச் சிறிது தூரம் நகர்த்த, மீண்டும் மேலெழும். வெற்றிடமில்லாப் பாவின் நடுவிலும் நாடா திரும்புவதற்கு இது வழிகாட்டுகிறது. எனினும் உருநெசவில் சிறுநாடாவின் இழை அருகிலுள்ள ஊடையைக் கோக்க வேண்டியதில்லை. கோர்வையில் கோக்க வேண்டும். கோக்கும் ஒழுங்கு தவறினால் கரையோரம் பிளவு விழும். பட்டின் இழுவிசையும் ஜரிகையின் விறைப்பும் வேறுவேறாதலால் இரண்டையும் ஒரே இழுப்பில் கோப்பது மேலும் கடினம். ஆயினும் மிதியால் இயங்கும் இத்தகைய துணைப்பொறி, மின்விசையின்றியே துணையாளின் இருக்கையை விடுவிக்கக்கூடும்.

மின்விசையின்றி என்னும் வரம்பு தற்செயலானதன்று. 1985ஆம் ஆண்டின் கைத்தறிப் பொருள் ஒதுக்கீட்டுச் சட்டம், விசைத்தறி அல்லாத தறியே கைத்தறி என எதிர்மறையாக வரையறுக்கிறது. தொடக்கத்தில் 22 பொருள்கள் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. கரையுடைய சேலை இன்றும் அப்பட்டியலில் உள்ளது. மோட்டாரைப் பொருத்தினால் தறி அப்பாதுகாப்பை இழக்கும் இடர் உண்டு. ஒரு செயலாவது கையால் நிகழ்ந்தால் போதும், அதையும் கைத்தறியில் சேர்க்கலாம் என்னும் கருத்து 12ஆம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஒட்டி முன்வைக்கப்பட்டபோது கைத்தறியாளர் எதிர்த்தனர். விசைத்தறிகள் கைத்தறிப் பெயரில் நுழைந்துவிடும் என்ற அவர்களது அச்சம் நியாயமானது. ஆனால் துணையாளின் சுமையைக் குறைக்கும் சிறு துணைப்பொறியும் விசைத்தறியும் ஒரே விவாதத்தில் கலந்துபோயின. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் ஆய்வுகள் தமிழில் மேலும் பெருக வேண்டும்.

இதற்கிடையே சந்தை தன் வழியில் விடை கண்டுவிட்டது. ஒற்றை நாடாவில், கோர்வையின்றி நெய்த கரைச் சேலைகள் கடைகளில் பெருகியுள்ளன. துணையாள் தேவையில்லை, நாளும் மிச்சம். கோர்வை நெய்யும் வீடுகளில் பிள்ளைகள் எழுந்துபோன இருக்கையில் மனைவியோ முதிய தாயோ அமர்கின்றனர். கூலி சேலைக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்படுவதால், துணையாளின் பங்கு நெசவாளரின் கூலிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தியாகராய நகரில் விற்பனைக்கு வரும் சேலையில் 2004 முதல் பட்டு முத்திரையும், 2006 முதல் கைத்தறி முத்திரையும் இடம்பெறக் காணலாம். முதலாவது இழை தூய பட்டு என்று உறுதிகூறுகிறது. இரண்டாவது துணி கையால் நெய்யப்பட்டது என்று உறுதிகூறுகிறது. எத்தனை பேரின் கையால் என்று குறிக்க இரண்டிலும் இடமில்லை.