பழைய கிற்றாரைத் துடைப்பதற்கு முன்

வடக்கிலும் கிழக்கிலும் சில வீடுகளில் அலுமாரிக்கு மேலேயோ அறை மூலையிலோ ஒரு பழைய கிற்றார் இருக்கும். தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்தவருடையதாக இருக்கலாம். வெளிநாடு போன அண்ணனுடையதாக இருக்கலாம். 2009 இற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லாத மகனுடையதாகவும் இருக்கலாம். வாசிக்க ஆளில்லாவிட்டாலும் அதை எறிய மனம் வராது. பொங்கலுக்கோ நத்தாருக்கோ வீடு துப்புரவாக்கும்போது யாராவது அதை இறக்கி, கையில் அகப்பட்ட துணியாலும் கையில் அகப்பட்ட திரவத்தாலும் துடைப்பார்கள். ஆண்டு முழுவதும் தூசிக்குள் கிடந்ததால் வராத சேதம் அந்த அரைமணி நேரத்தில் வந்துவிடக்கூடும்.

காரணம் மரமல்ல, மரத்தின் மேல் இருக்கும் பூச்சு. இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கிற்றார்களில் பெரும்பாலானவற்றுக்கு பொலியெஸ்ரர் அல்லது பொலியூரித்தேன் பூச்சு பூசப்பட்டிருக்கிறது. அது பிளாஸ்ரிக்கைப் போல இறுகிவிடுவது. ஈரத்துணியால் துடைத்தால் ஒன்றும் ஆகாது. பழைய கிற்றார்களிலும் விலைகூடியவற்றிலும் இருப்பவை வேறு இரண்டு பூச்சுகள்.

ஒன்று அரக்கு. தச்சர்மார் பழைய அலுமாரிகளுக்கும் கதிரைகளுக்கும் ஸ்பிரிற்றில் கரைத்துத் துணியால் தேய்த்து ஏற்றும் அதே அரக்குப் பொலிஷ்தான். கையால் செய்யப்படும் ஸ்பானிய கிற்றார்கள் பலவற்றுக்கு இன்றும் இதைத்தான் பூசுகிறார்கள். ஸ்பிரிற்றில் கரைத்துப் பூசியது ஸ்பிரிற் பட்டால் திரும்பவும் கரையும். கொரோனா காலத்திலிருந்து வீட்டுக்கு வீடு இருக்கும் கை சுத்திகரிப்புத் திரவத்தில் பெரும்பங்கு அற்ககோல்தான். அதை நனைத்துத் துடைத்தால் பூச்சு ஒட்டும் பிசினாகித் துணியோடு வந்துவிடும்.

மற்றது நைத்திரோசெலுலோஸ் லக்கர். பருத்தி நாரை நைத்திரிக்கமிலத்தோடு தாக்கமுறச் செய்து பெறுவது. 1920களில் கார்களுக்குப் பூசத் தொடங்கினார்கள். அதே காலப்பகுதியில் கிப்சன், மாற்றின் போன்ற அமெரிக்க கிற்றார் நிறுவனங்களும் அதற்கு மாறின. (இதே பொருளில் நைதரசனின் அளவு கூடினால் அது துப்பாக்கி ரவைக்குள் இருக்கும் புகையற்ற வெடிமருந்து. ஒரே குடும்பத்துப் பொருள் எங்கெல்லாம் போகிறது பாருங்கள்.) இந்த லக்கர் தின்னர் ஆவியாகிப் போவதால் காய்கிறதே தவிர, இரசாயன மாற்றமடைந்து இறுகுவதில்லை. ஆகவே எத்தனை வருடம் போனாலும் தின்னர் பட்டால் இளகும். மிக மெல்லியது, காலப்போக்கில் தேன் நிறத்துக்கு மஞ்சளாகும், வெப்பமும் குளிரும் சடுதியாக மாறும்போது மயிர்க்கோடு போல வெடிக்கும்.

எது எந்தப் பூச்சு என்று அறிய, மறைவான இடத்தில் ஒரு துளி நகப்பூச்சு நீக்கியை விட்டுப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. துடைக்க மட்டும் போகிறவருக்கு அந்தப் பரிசோதனை தேவையில்லை. கிற்றார் பழையது, மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிகின்றன, வெள்ளையாக இருந்த பகுதி மஞ்சளாகியிருக்கிறது என்றால் அதை மென்பூச்சாகவே கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தாலும் அப்படியே கொள்ளுங்கள்.

முதலில் கையை நன்றாகக் கழுவித் துடையுங்கள். மேசையில் தடித்த துவாய் ஒன்றை விரித்து அதன்மேல் கிற்றாரை வையுங்கள். காற்சட்டைப் பட்டி, காப்பு, மோதிரம் உரசாமல் பார்க்க வேண்டும். துருப்பிடித்த கம்பிகளை முறுக்காணியில் மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். பழைய கம்பி இறுக்கத்தில் அறுந்தால் கண்ணைப் பதம் பார்க்கும்.

தூசியை ஒருபோதும் அழுத்தித் துடைக்கக் கூடாது. எங்கள் ஊர்த் தூசியில் மண்ணும் மணலும் கலந்திருக்கிறது. மணலோ லக்கரை விடப் பலமடங்கு கடினமானது. காய்ந்த துணியால் அழுத்தித் தேய்ப்பது மண்கடதாசி போடுவதற்குச் சமம். புதிய, மயிர் மென்மையான பெயின்ற் தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். வேலையில் முக்கால்வாசி இதோடு முடிந்துவிடும். நான் என்றால் பல கிற்றார்களுக்கு இந்த இடத்திலேயே நிறுத்திவிடச் சொல்வேன்.

இன்னும் கை அழுக்கு, வியர்வைக் கறை தெரிந்தால் வாயைத் திறந்து கண்ணாடிக்கு ஊதுவதுபோல 'ஹா' என்று ஊதி, படியும் ஈரத்தைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். கழுவிக் கழுவி மெலிந்த பருத்தித் துணிதான் இதற்கு நல்லது. படம் அச்சடித்த ரீசேட் வேண்டாம். மூச்சின் ஈரம் சிறிதளவே, உடனே காய்ந்துவிடும். ஊதியும் போகாத அழுக்குக்கு, தண்ணீரில் நனைத்து முறுக்கிப் பிழிந்து, தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்குக் காய்ந்த துணியால் கைப்பிடியளவு இடமாகத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. காய்ந்தால் வெள்ளைக் கறை விடும். மழைநீரோ சுத்திகரிப்பு நிலையத்துக் குடிநீரோ எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சு வெடித்திருக்கும் இடத்திலும் உரிந்து மரம் தெரியும் இடத்திலும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஈரம் வெடிப்பு வழியே இறங்கினால் பூச்சு செதிலாகக் கிளம்பும்.

பெற்றோல், மண்ணெண்ணெய், தின்னர், தேசிக்காய், சாம்பல், பற்பசை எல்லாம் விலக்கு. கார்ப் பொலிஷும் தளபாடத்துக்கு விசிறும் பொலிஷும் பார்வைக்கு நல்ல மினுக்கம் தரும். ஆனால் பலவற்றில் சிலிக்கோன் இருக்கிறது. அது வெடிப்புகளுக்குள் போய்விட்டால் பின்னர் திருத்துபவர் பூசும் லக்கர் அந்த இடத்தில் பிடிக்காது. தேங்காய் எண்ணெயும் அப்படித்தான்: நாளடைவில் சிக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும். விரல் ஓடும் கறுப்பு மரப்பலகையில் பிடித்திருக்கும் அழுக்கை மென்மையான பற்தூரிகையால் உலர்வாகத் தட்டி எடுத்தாலே போதும்.

பூஞ்சணம் பிடித்திருந்தால் முகக்கவசம் அணிந்து, வெளியே கொண்டுபோய்த் தூரிகையால் தட்டி, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். பழைய கிற்றார்கள் சிலவற்றில் பலகைகளைப் பிடித்திருப்பது வெப்பத்தில் இளகும் பசை.

எல்லாக் கறையும் அழுக்கல்ல என்பதையும் பார்க்க வேண்டும். வாசிப்பவரின் முன்கை படும் மேல் விளிம்பிலும், கட்டைவிரல் ஓடும் கழுத்தின் பின்புறத்திலும் பூச்சு தேய்ந்து மங்கியிருக்கும். அது ஒருவர் பல வருடம் வாசித்த இடம். மினுக்கினால் அது திரும்பி வராது. ஒலித்துளைக்குள் ரோச் அடித்துப் பாருங்கள். ஒட்டியிருக்கும் தாளில் கிற்றார் செய்தவரின் பெயர் இருக்கலாம். பென்சிலால் யாராவது பெயரோ திகதியோ எழுதியிருக்கலாம். அதற்குள் துணி விட வேண்டாம். தொடங்குமுன் முன்னும் பின்னும் உள்ளும் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் காட்டவும் உதவும்.

துடைத்த பிறகு பொலித்தீனில் சுற்றி வைக்காதீர்கள்; மாரியில் உள்ளே வியர்க்கும். றப்பர் பட்ட தாங்கியிலும் வைக்க வேண்டாம்; றப்பரில் இருக்கும் இரசாயனங்கள் நைத்திரோசெலுலோஸை மெல்ல இளக்கி, தொட்ட இடத்தில் தழும்பு விடும். தாங்கியில் பருத்தித் துணியைச் சுற்றிவிட்டால் சரி. தகரக் கூரை வீடென்றால் அலுமாரிக்கு மேலே வைப்பதைத் தவிர்த்து, வெளிச்சுவரில் சாயாமல், கட்டிலின் உயரத்துக்குக் கீழே வைப்பது நல்லது. அங்கேதான் பகலில் சூடு குறைவு.