'மாயா': மாதங்கி தன் மெட்டை ஏன் உடைத்தார்?

2008இல் 'பேப்பர் பிளேன்ஸ்' அமெரிக்க பில்போர்ட் வரிசையில் 4ஆம் இடம்வரை போனது. துப்பாக்கிச் சத்தம் கலந்திருந்தாலும் அது வாய்க்குள் முணுமுணுக்கக்கூடிய பாட்டு. அதே வழியில் போயிருந்தால் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. 2010 ஜூலையில் வந்த 'மாயா' அல்பத்தில் அவர் செய்தது நேர்மாறு.

'ஸ்டெப்பின் அப்' பாட்டில் துளைபொறி இரைகிறது. 'போர்ன் ஃப்ரீ', சூசைட் என்ற நியூயோர்க் இரட்டையர் 1977இல் வெளியிட்ட 'கோஸ்ட் ரைடர்' பாட்டின் ஒலித்துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப மோதவிடுகிறது. குரல் அதற்குள் அமுங்கிப் போகிறது. 'எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஓ' போன்ற சாதாரண பொப் பாட்டும் உண்டு, அது ஒட்டவில்லை.

இடையில் நடந்தது 2009. பெப்ரவரியில் நிறைமாத வயிற்றோடு கிராமி மேடையில் பாடினார். அந்த நாட்களில் வன்னியில் என்ன நடந்தது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பேட்டிகளில் அதைப் பேசியதற்குப் புலி ஆதரவாளர் என்ற பட்டம் கிடைத்தது. ஓகஸ்டில், கட்டப்பட்ட ஆண்கள் சுட்டுக்கொல்லப்படும் காட்சியைச் சனல் 4 ஒளிபரப்பியது. 2010 ஏப்ரலில் வந்த 'போர்ன் ஃப்ரீ' காணொளியில் (இயக்கம் ரொமெய்ன் கவ்ராஸ்) ஆயுதப்படை செந்தலை இளைஞர்களை வளைத்துப் பிடித்துக் கொல்கிறது. சிறுவனையும் விடவில்லை. அமெரிக்காவில் யூடியூப் அதை நீக்கியது.

'தமிழர்' என்று சொல்லாமல் 'செந்தலையர்' என்று காட்டும் உத்தி கண்டித் தமிழருக்குப் புதிதல்ல. அந்த ஆண்டுகளில் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் வன்னி என்ற சொல்லை யாரும் உரக்கச் சொன்னதில்லை. "அங்கால எப்படியாம்?" என்றுதான் கேட்பார்கள். இந்த அல்பத்தை நானும் ஹெட்போனில்தான் கேட்டேன், அதுவும் வீட்டுக்குள்.

பிட்ச்ஃபோர்க் 10க்கு 4.4 புள்ளி கொடுத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து கன்யே வெஸ்டின் 'யீஸஸ்' இதே கரகரப்போடு வந்தபோது விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 'மாயா' அதற்கு வழிவெட்டியது என்பது என் கணிப்பு. இரைச்சல் கிட்டாரையும் பொப் குரலையும் சேர்த்த ஸ்லீ பெல்ஸ் குழுவின் முதல் அல்பமும் 2010இல் மாதங்கியின் லேபிளில்தான் வந்தது.

வன்னியிலிருந்து வந்தவர்களை அந்தக் காணொளியைப் பார்க்கும்படி நான் சொல்லமாட்டேன். பாட்டை மட்டும் கேளுங்கள், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து.