சந்தை கலைந்த சதுக்கம்

ஷாஷியின் சந்தைச் சதுக்கத்தில் காலை ஏழரை மணிக்கு நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கிறது. தரை முழுக்கச் செம்மணற்கல். நடுவே வயதான இரண்டு பெருமரங்கள். ஒரு பக்கம் புத்தர் கோயில், நேர் எதிரே அடுக்கடுக்காய்க் கூரை விரித்த நாடக மேடை. சுற்றிலும் மரக்கதவு போட்ட கடைகள். நான் போன அன்று ஒரே ஒரு பாட்டி விளக்குமாற்றோடு நின்றிருந்தார். சீனாவில் இப்படியும் ஓர் ஊரா என்று வியந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

யுன்னான் மாகாணத்தில் டாலிக்கும் லிஜியாங்குக்கும் இடையில், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பாய் இன மக்கள் நெல்லும் சோளமும் விளைவிக்கும் பள்ளத்தாக்கு இது. தெற்கிலிருந்து தேயிலை ஏறியது. திபெத்திலிருந்து குதிரையும் கம்பளித் தோலும் இறங்கின. பக்கத்து மலைகளின் உப்புக் கிணறுகள் ஷாஷிக்குத் தனி மதிப்புக் கொடுத்தன. தேயிலை இல்லாமல்கூட நாள் கழியும், உப்பு இல்லாமல் கழியுமா? கோவேறு கழுதைகளின் கழுத்துமணி ஒலிக்க வந்த வணிகச் சாத்துகளுக்காகவே இங்குள்ள வீடுகள் கட்டப்பட்டன. முன்னால் கடை, பின்னால் முற்றமும் லாயமும், மாடியில் வந்தவர்கள் படுக்க இடம். ஊரின் கிழக்கு வாசலைத் தாண்டினால் ஹெய்ஹுய் ஆறு. அதன்மேல் ஒற்றை வளைவாக நிற்கும் யூஜின் கல்பாலம். அதில் ஏறி இறங்கும்போது எத்தனை ஆயிரம் குளம்புகள் இந்தக் கல்லைத் தேய்த்திருக்கும் என்ற நினைப்புத்தான் வந்தது.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் லாரிகள் வந்தன. நெடுஞ்சாலை ஷாஷியைத் தொடாமல் விலகிப் போனது. சாத்துகள் நின்றன, சத்திரங்கள் மூடப்பட்டன. இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்ட யாரிடமும் பணம் இல்லை. இன்று நாம் மெச்சும் பழமையைக் காத்தது வறுமைதான்.

கோயிலைச் சொல்லாமல் விட முடியாது. ஷிங்ஜியாவ் கோயில் 1415-இல், மிங் ஆட்சியில் கட்டப்பட்டது. உள்ளே அந்தக் காலச் சுவரோவியங்கள் மங்கியும் மங்காமலும் இருக்கின்றன. இது அஜாலி பௌத்தக் கோயில். பாய் மக்களிடையே வேரூன்றிய தாந்திரிக மரபு. அஜாலி என்ற பெயர் 'ஆசாரியர்' என்ற வடசொல்லின் சீன வடிவம். அதை அறிந்த பிறகு அந்த வாசற்படியில் கொஞ்சம் உரிமையோடு ஏறினேன். சந்திரமானக் கணக்கில் இரண்டாம் மாதம் எட்டாம் நாள் இங்கே இளவரசர் திருவிழா. சித்தார்த்தன் அரண்மனையைத் துறந்து வெளியேறியதன் நினைவாகச் சிலையை ஊர்வலமாக எடுத்து வருகிறார்கள்.

உலகில் அழியும் நிலையிலுள்ள நூறு இடங்கள் என்று வெளியான 2002-ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்தச் சந்தைச் சதுக்கமும் இருந்தது. சுவிட்சர்லாந்து வல்லுநர்களும் உள்ளூர்த் தச்சர்களும் சேர்ந்து சீரமைப்பு வேலையைத் தொடங்கினார்கள். ஷாஷி அடங்கிய ஜியான்சுவான் மாவட்டத் தச்சர்களின் கைத்திறன் யுன்னான் முழுக்கப் பேர் போனது. பழையதை இடித்துப் புதுப் பழசு கட்டுவது பல ஊர்களில் நடக்கிறது. இங்கே அப்படிச் செய்யவில்லை. கெட்ட பகுதியை மட்டும் மாற்றினார்கள், மற்றதைத் தேய்மானத்தோடு விட்டார்கள். 2005-இல் ஆசிய-பசிபிக் அளவில் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. தகுதியான விருது.

ஆனால் மரமும் கல்லும் பிழைத்தால் போதுமா? சதுக்கத்தைச் சுற்றி அன்று முழுக்க ஒவ்வொரு கடையாக ஏறி, "எந்த ஊர் நீங்கள்?" என்று கேட்டேன். காபிக்கடைப் பெண் செங்டுவிலிருந்து வந்தவர். விடுதி நடத்தும் தம்பதி ஷாங்காய்க்காரர்கள். நல்லவர்கள், ஊரை நேசித்து வந்தவர்கள். ஆனால் அவர்களிடம் வீட்டை வாடகைக்கு விட்ட பாய் குடும்பங்கள் வெளியே புது வீடுகளில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைச் சந்தையும் சதுக்கத்தை விட்டு வெளியே தார்ச்சாலைக்குப் போய்விட்டது. எந்தச் சந்தைக்காக இந்த ஊர் பிறந்ததோ, அதற்கு ஊருக்குள் இடமில்லை! நாம் காசு கொடுத்து அனுபவிக்கும் அமைதியில் பாதி, ஊர்க்காரர்கள் இல்லாததால் வந்தது.

லிஜியாங்கில் இதே கதையைப் பார்த்தாயிற்று. 1996 நிலநடுக்கத்திலிருந்து எழுந்து, 1997-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய நகரம் அது. பிறகு நாசி இன மக்கள் வீடுகளை வியாபாரிகளிடம் விட்டு வெளியேறினார்கள். இன்று அங்கே இரவெல்லாம் பாட்டுக் கச்சேரி. ஷாஷியும் அந்தத் திசையில்தான் போகிறது. டாலி வட்டாரத்தில் படமாகி 2023 ஜனவரியில் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஷாஷியின் தெருக்களும் வந்தன. அதைப் பார்த்துக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், வந்துகொண்டும் இருக்கிறார்கள்.

வாடகைப் பணத்தால்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், வெளியூர் போன இளைஞர்களில் சிலர் திரும்பியிருக்கிறார்கள் என்ற வாதமும் உண்டு. மறுக்கவில்லை. என்றாலும் கதவுக்குள் பாய் மொழி கேட்காத ஷாஷி எனக்கு ஷாஷி இல்லை.

போகிறவர்கள் ஒரு வெள்ளிக்கிழமையைக் கணக்கில் வைத்துப் போங்கள். மலையிலிருந்து யீ இனப் பெண்கள் கூடை சுமந்து இறங்குவார்கள். மழைக்காலமானால் காட்டுக் காளான், மற்ற காலத்தில் மூலிகை வேர், பன்றிக்குட்டி, மண்வெட்டி. விடுதி பிடிக்கும்போது வீட்டுக்காரர் உள்ளூரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உள்ளூர்க்காரர் வீடாக இருந்தால், அறை சுமாராக இருந்தாலும் அங்கேயே தங்குங்கள். சந்தை பிற்பகலில் கலைந்துவிடும், காலையிலேயே போய்விடுங்கள்.