டிப்ளமோ படித்தாலும் பல்கலைக்கழகத்தில் வேலை! சேரும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

சென்னை,
பல்கலைக்கழகத்தில் வேலை என்றாலே, "அதெல்லாம் டாக்டர் பட்டம் வாங்கினவங்களுக்குப்பா" என்று பலர் ஒதுங்கி விடுகிறார்கள். அப்படி இல்லை. பி.எஸ்சி., டிப்ளமோ முடித்த பிள்ளைகளுக்கும் அங்கே வேலை உண்டு. ஆனால் அது எத்தனை நாளைக்கு என்று தெரிந்துதான் போகணும்.

கிண்டியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். நிரந்தர வேலை தவிர, ஆராய்ச்சித் திட்ட வேலை, தினக்கூலி வேலை என்று 2 வகையிலும் இங்கே ஆள் எடுக்கிறார்கள்.

திட்ட வேலை என்றால் என்ன?

ஒரு பேராசிரியர் ஆராய்ச்சி செய்ய மத்திய அரசிடம் பணம் கேட்பார். பணம் கிடைத்தால், கூடவே ஆள் வைத்துக்கொள்ள சம்பளமும் அதில் ஒதுக்கப்படும். லேப் வேலை, கள ஆய்வு, கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றுவது என்று வேலைகள் இருக்கும்.

பி.எஸ்சி. அல்லது 3 ஆண்டு டிப்ளமோ முடித்த திட்ட உதவியாளருக்கு மாதம் ரூ.20 ஆயிரமும் வீட்டு வாடகைப்படியும் என்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020-ல் உத்தரவு போட்டது. 'நெட்', 'கேட்' போன்ற தேர்வில் தேறி இளநிலை ஆராய்ச்சியாளராகச் சேர்பவர்களுக்கு 2023-ல் ரூ.31 ஆயிரம் என்பது ரூ.37 ஆயிரமாக உயர்ந்தது.

தினக்கூலி வேலை

பியூன், கிளார்க் உதவியாளர், புரொபஷனல் அசிஸ்டென்ட் ஆகிய வேலைகளுக்கு தினக்கூலி அடிப்படையில் ஆள் எடுப்பதுண்டு. பேரில்தான் பல்கலைக்கழகம், வேலை பார்த்த நாளுக்குத்தான் கூலி.

சிக்கல் எங்கே?

திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். "3 வருஷம் உழைச்சேன், நிரந்தரம் ஆக்குங்க" என்றால் நடக்காது. முறைப்படி தேர்வாகாத தற்காலிக ஊழியர்கள் நிரந்தர வேலையை உரிமையாகக் கேட்க முடியாது என்று உமாதேவி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2006-ல் தீர்ப்பு சொல்லிவிட்டது. இது தெரியாமல் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் பிறகு தவிக்கிறார்கள்.

எனவே சேரும் முன் இந்த 4 கேள்விகளைக் கேளுங்கள்:

1. திட்டம் எந்த தேதியில் முடிகிறது?

2. வீட்டு வாடகைப்படி தனியாக உண்டா, இல்லை எல்லாம் சேர்த்துதான் அந்தத் தொகையா?

3. திட்டப் பணம் தவணை தவணையாக வரும். தவணை தாமதமானால் சம்பளமும் தள்ளிப்போகுமா?

4. வேலை முடிந்ததும் அனுபவச் சான்றிதழ் தருவார்களா?

நான்காவது கேள்வி ரொம்ப முக்கியம். மருந்து கம்பெனி, பரிசோதனைக் கூடம், தனியார் ஆராய்ச்சி மையம் என்று அடுத்த வேலைக்குப் போக அந்தச் சான்றிதழ்தான் கை கொடுக்கும்.

புரோக்கரை நம்பாதீங்க

இந்த வேலைகளுக்கான அறிவிப்பு பல்கலைக்கழக இணையதளத்திலேயே வரும். விண்ணப்பிக்க சில நாட்கள்தான் அவகாசம் இருக்கும். அதனால் வாரம் ஒரு தடவையாவது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களைத் தயாராக எடுத்து வையுங்கள்.

"உள்ளே ஆள் இருக்கு, லட்சம் கொடுத்தா பெர்மனென்ட்" என்று யாராவது சொன்னால் பணத்தைக் கண்ணில்கூட காட்டாதீங்க. திட்டத்தோடு முடியப்போகிற வேலையை யாராலும் நிரந்தரமாக்கித் தர முடியாது.