அவசரக் கருத்தடை மாத்திரை: தடுப்பதா, கலைப்பதா?

கருத்தரிப்பைத் தடுப்பது வேறு. தரித்த கருவைக் கலைப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லையை ஃபிக்ஹ் அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர். ஆயினும், உறவுக்குப் பின்னர் உட்கொள்ளப்படும் ஒரு மாத்திரை அவ்வெல்லையின் எப்பக்கத்தில் நிற்கிறது என்ற கேள்வி எழும்போது, படித்தவர்களிடமும் குழப்பமே மிஞ்சுகிறது. கைக்குழந்தையுள்ள ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். ஆணுறை கிழிந்துவிட்டது. இப்படியொரு மாத்திரை உண்டென்பது அவளுக்குத் தெரியும். அது பாவமோ, உடலுக்குக் கேடோ என்று யாரிடமும் கேட்கத் துணியாமல் இரண்டு நாட்களைக் கழித்துவிடுகிறாள். இவ்விஷயத்தில் பெரும்பாலானவற்றைத் தீர்மானிப்பது அந்த இரண்டு நாட்களே.

முதலில் ஒரு பெயர்க்குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். அவசரக் கருத்தடைக்கென மருந்துக்கடைகளில் விற்கப்படுவது லெவோனோர்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் மாத்திரை. தினசரிக் கருத்தடை மாத்திரைகள் பலவற்றில் சிறிய அளவில் சேர்க்கப்படும் அதே ஹார்மோன்தான் இது. கருவைக் கலைக்கப் பயன்படும் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் ஆகியவை முற்றிலும் வேறான மருந்துகள். கரு கருப்பையில் பதிந்த பின்னர் லெவோனோர்ஜெஸ்ட்ரெலை உட்கொண்டால் அது கலைவதில்லை; அக்கருவுக்கு ஊறு நேர்வதாகவும் ஆய்வுகள் காட்டவில்லை.

உறவு நிகழ்ந்த அக்கணமே கரு உண்டாகிவிடுகிறது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் பெரும்பாலும் ஓர் இடைவெளி இருக்கிறது. விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாட்கள் வரை உயிர்ப்புடன் காத்திருக்க வல்லது. சினைமுட்டையோ வெளிப்பட்ட பின் ஒரு நாளுக்கு மேல் தாங்குவதில்லை. ஆகவே ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருத்தரிக்கத்தக்க நாட்கள் ஏறத்தாழ ஆறே. முட்டை வெளிப்படும் நாள் ஒன்று, அதற்கு முந்தைய நாட்கள் ஐந்து. முட்டையை வெளிப்படச் செய்வது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து திடீரெனப் பெருகும் எல்.எச். என்னும் ஹார்மோன். அப்பெருக்கு தொடங்குமுன் லெவோனோர்ஜெஸ்ட்ரெல் உடலில் சேர்ந்தால் முட்டை வெளிப்படுவது தள்ளிப்போகிறது. காத்திருக்கும் விந்தணு முட்டையைச் சந்திக்காமலே மடிகிறது. பெருக்கு தொடங்கிய பிறகு இம்மாத்திரையால் ஆவது ஏறத்தாழ ஒன்றுமில்லை.

இவ்வளவு தெளிவான விஷயம் ஏன் சர்ச்சைக்குள்ளானது? அமெரிக்காவில் 1999 ஆம் ஆண்டு இம்மாத்திரைக்கு அனுமதி வழங்கப்பட்டபோது, கருவுற்ற முட்டை கருப்பையில் பதிவதையும் இது தடுக்கக்கூடும் என்றொரு குறிப்பு மருந்துடன் இணைக்கப்பட்டது. அது ஓர் ஊகமே. ஆனால் அந்த ஊகத்தின் மீது பெரும் வழக்குகள் எழுந்தன. சிலி நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் 2008 இல் அரசு மருத்துவமனைகள் இம்மாத்திரையை வழங்குவதைத் தடுத்தது. 2010 இல் தனிச் சட்டம் இயற்றிய பின்னரே அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதே சிலியின் ஆய்வாளர்களே இக்கேள்விக்கு மிகத் துல்லியமான விடையைத் தந்தனர் என்பது வியப்புக்குரியது. மாத்திரை உட்கொண்ட பெண்களின் இரத்தத்தையும் சினைப்பையையும் பரிசோதித்து, அவர்கள் முட்டை வெளிப்படுமுன் உட்கொண்டார்களா, பின்னரா என்று பிரித்தறிந்தனர். 2011 இல் வெளியான அவ்வாய்வில், முன்னரே உட்கொண்ட 103 பெண்களிடம் 16 கர்ப்பங்கள் எதிர்பார்க்கப்பட்டன, ஒன்றுகூட நிகழவில்லை. முட்டை வெளிப்பட்ட நாளிலோ அதன் பின்னரோ உட்கொண்ட 45 பேரிடம் ஏறத்தாழ 9 எதிர்பார்க்கப்பட்டன, 8 நிகழ்ந்தன. கரு பதிவதை மாத்திரை தடுப்பதாயின் இந்த எட்டும் குறைந்திருக்க வேண்டும். இத்தகைய சான்றுகளை ஆராய்ந்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2022 டிசம்பரில் அந்தப் பழைய குறிப்பை நீக்கியது. உறுதிப்படாத ஒரு வாசகம் இருபத்து மூன்று ஆண்டுகள் மருந்துப் பெட்டியோடு பயணம் செய்திருக்கிறது!

இந்த மருத்துவ உண்மை ஃபிக்ஹ் நோக்கில் முக்கியமானது. குர்ஆன் அருளப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஸஹாபாக்களிடையே அஸ்ல் வழக்கில் இருந்ததை ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பால் அறிகிறோம். ஜுதாமா (ரலி) அவர்களின் அறிவிப்பைக் கொண்டு அதனை இப்னு ஹஸ்ம் தடுத்தார். பெரும்பான்மை இமாம்கள் வெவ்வேறு நிபந்தனைகளுடன் அனுமதித்தனர். நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), இஹ்யாவில் இதனை விரிவாக ஆராய்கிறார். ஒப்பந்தம் ஒன்றில் ஈஜாபும் கபூலும் ஒன்றுசேராத வரை விலகிக்கொள்வது ஒப்பந்தத்தை முறிப்பதாகாது. அவ்வாறே இரு நீரும் கலவாத வரை உயிருக்கு எதிரான குற்றம் எழுவதில்லை என்பது அவருடைய வாதம். கலந்த பின்னரோ ஒவ்வொரு படிநிலையிலும் குற்றம் கடுமையாகிறது. பிரசவ அபாயத்திலிருந்து மனைவியைக் காப்பதையும் அவர் ஏற்கத்தக்க காரணங்களுள் ஒன்றாகக் கொள்கிறார். முட்டை வெளிப்படுவதையே தள்ளிப்போடும் ஒரு மாத்திரையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், அது ‘கபூல்’ நிகழுமுன் விலகுவதற்கே ஒப்பாகும் என்பது என் கருத்து, தீர்ப்பு ஆலிம்களுக்குரியது. 1988 இல் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, கணவன் மனைவி இருவரின் சம்மதத்துடன், தீங்கு இல்லாததும் இருக்கும் கர்ப்பத்தைத் தாக்காததுமான தற்காலிகக் கருத்தடையை அனுமதித்திருப்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

இனி, மாத்திரை எந்த அளவுக்குப் பயன் தருகிறது என்பதை நோக்குவோம். உலக சுகாதார நிறுவனம் சுமார் 2000 பெண்களிடம் நடத்தி 1998 இல் வெளியிட்ட ஆய்வில், லெவோனோர்ஜெஸ்ட்ரெல் உட்கொண்டவர்களில் 1.1 விழுக்காட்டினரே கருவுற்றனர். 24 மணி நேரத்திற்குள் உட்கொண்டபோது எதிர்பார்க்கப்பட்ட கர்ப்பங்களில் 95 விழுக்காடு தவிர்க்கப்பட்டது. இரண்டாம் நாளில் இது 85 ஆகவும் மூன்றாம் நாளில் 58 ஆகவும் இறங்கியது. இக்கணக்குகள் சற்று மிகையானவை எனப் பின்னர் வந்த ஆய்வாளர்கள் கருதினாலும், தாமதம் பயனைக் குறைக்கிறது என்பதில் ஐயமில்லை. யுலிப்ரிஸ்டால் என்னும் மற்றொரு மாத்திரை, எல்.எச். பெருகத் தொடங்கிய பின்னரும் உச்சத்தை எட்டும் வரை பலன் தருகிறது. ஐந்து நாட்கள் வரை அதை உட்கொள்ளலாம். உடற்பருமன் மிகுந்த பெண்களிடம் லெவோனோர்ஜெஸ்ட்ரெலின் பலன் குறைவதாகத் தெரிகிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபின் போன்ற மருந்துகளும் அதன் ஆற்றலைக் குறைப்பதால், அவற்றை உட்கொள்வோர் மருத்துவரிடம் அதனைச் சொல்லியாக வேண்டும். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இந்த எச்சரிக்கை போதிய அளவு பேசப்படவில்லை.

எல்லாவற்றிலும் பயன்மிக்கது மாத்திரையன்று, காப்பர்-டி. ஐந்து நாட்களுக்குள் பொருத்தினால் ஆயிரத்தில் ஓரிருவரே கருவுறுகின்றனர். பின்னர் பல ஆண்டுகளுக்குக் கருத்தடையாகவும் அது நிலைக்கிறது. செம்பு முதன்மையாக விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. எனினும், முட்டை கருவுற்ற பின் பொருத்தப்பட்டால் அது பதிவதையும் தடுக்கக்கூடும். மாத்திரைக்குப் பொருந்தும் ஃபிக்ஹ் விடை இதற்கு அப்படியே பொருந்தாது.

பாதுகாப்பைப் பற்றிய அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1960களில் இத்தேவைக்கு மிகுந்த அளவு ஈஸ்ட்ரோஜன் தரப்பட்டது. கடும் குமட்டல் உண்டாயிற்று. கனடாவின் ஆல்பர்ட் யூஸ்பே 1974 இல் வெளியிட்ட கூட்டு முறையிலும் அது தொடர்ந்தது. லெவோனோர்ஜெஸ்ட்ரெலில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. சிறிது குமட்டல், தலைவலி, களைப்பு, அடுத்த மாதவிடாய் சில நாட்கள் முந்துவது அல்லது பிந்துவது ஆகியவையே பொதுவாகக் காணப்படுபவை. உட்கொண்ட இரண்டு மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்தால் மீண்டும் ஒன்றை உட்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் மலடாக்கிவிடும் என்பது ஆதாரமற்ற பேச்சு. பாலூட்டும் தாய்க்கும் இது தடையன்று. யுலிப்ரிஸ்டாலுக்குப் பின்னரோ ஒரு வாரம் தாய்ப்பால் தருவதைத் தவிர்க்குமாறு அதன் உற்பத்தியாளர் அறிவுறுத்துகிறார். ஒரு முறை உட்கொண்ட மாத்திரை அடுத்த உறவுக்குக் காப்பாகாது. மாறாக, தள்ளிப்போன முட்டை பின்னர் வெளிப்படும்போது கருத்தரிக்கலாம். ஆகவே வழக்கமான கருத்தடைக்கு இது ஈடாகாது. மாதவிடாய் ஒரு வாரத்திற்கு மேல் தாமதித்தால் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும்.

இந்தியாவில் 2005 இல் இம்மாத்திரையை மருத்துவர் சீட்டின்றி விற்க அனுமதி வழங்கப்பட்டது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு அவசரக் கருத்தடை தரப்பட வேண்டும் என மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. தமிழ்நாட்டிலோ, சட்டத் தடை இல்லாதிருந்தும், பல ஆண்டுகள் பெரும்பாலான மருந்துக்கடைகள் இதனை வைத்திருக்கவில்லை. கேட்டு வந்த பெண் கடை கடையாக அலைந்ததும், நாணி வெறுங்கையுடன் திரும்பியதும் செய்தித்தாள்களில் பலமுறை வந்தவை. அவ்வாறு மாத்திரை கிட்டாத பெண்ணுக்கும் ஐந்தாம் நாள் முடியும் வரை ஒரு வழி உண்டு: காப்பர்-டி அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பொருத்தப்படுகிறது.