நோவைத் தணித்தலும் மூச்சைக் காத்தலும்

உடல் நோவைத் தணிக்கும் மருந்துகளுள் பழமையும் ஆற்றலும் ஒருங்கே வாய்ந்தது அபின். கசகசாச் செடியின் முதிராத காயைக் கீறும்போது வடியும் பால் உறைந்தே அபின் ஆகின்றது. அதன் சத்தைத் தனியே பிரித்தெடுத்த ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்டூர்னர், 1817-ஆம் ஆண்டில் தமது ஆராய்ச்சியை விரித்து வெளியிட்டார். கிரேக்கரின் கனவுத் தெய்வமாகிய மோர்பியசின் பெயரைத் தழுவி வழங்கும் அச்சத்தே மோர்பீன்.

மோர்பீனையும் அதன் இனத்து மருந்துகளையும் நாளத்தின் வழியே சிறிது சிறிதாக ஏற்றும் முறை, சத்திர சிகிச்சையின் பின்னரும், பெருங்காயங்களிலும், புற்றுநோயின் கடுநோவிலும் இன்று கையாளப்படுகின்றது. முறையறிந்து ஏற்றின் அது பெருந்துணை. கவனந் தவறின் உயிரையே கவரும். வைத்தியத் துறையிலுள்ள பழைய மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. ஆயினும், உற்றார் ஒருவரின் கட்டிலருகே என்றேனும் அமர வேண்டியவர்கள் நாம் எல்லோரும் ஆதலின், இதனை யாவரும் அறிதல் நன்று.

நாளத்தில் மருந்தேற்றும் எண்ணம் பழையது. பிற்காலத்தில் லண்டன் மாநகரின் சென் போல் பேராலயத்தை அமைத்துப் புகழ்பெற்ற கிறிஸ்தோபர் ரென், 1656-ஆம் ஆண்டில், இறகுத் தண்டும் தோற்பையும் கொண்டு நாயொன்றின் நாளத்தில் அபின் கலந்த மதுவைச் செலுத்தினார். நாய் மயங்கியது, ஆயினும் பிழைத்தது. அக்காலத்தில் அளவறியாது செய்ததை இன்று அளவறிந்து செய்கின்றோம். அவ்வளவை அறிவது எங்ஙனம்?

மோர்பீன், மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் உள்ள சில வாங்கிகளைப் பற்றி, நோவுச் செய்தியை அடக்குகின்றது. மூச்சை ஆளும் மூளைத்தண்டிலும் அதே வாங்கிகள் உள. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு மிகுந்தால் மூச்சைத் தூண்டுவது அவ்விடத்தின் தொழில். மருந்து மிகும்போது அத்தூண்டுதல் மந்தமாகி, மூச்சு மெலிந்து, ஈற்றில் நின்றும் போகலாம். எனினும், மூச்சுக் குன்றுமுன் பெரும்பாலும் உறக்க மயக்கம் மிகுகின்றது. ஆதலினாலேயே தாதியர் நோயாளியின் மூச்சை எண்ணுவதோடு அமையாது, அழைத்தால் விழிக்கின்றாரா, பேசும்போதே கண் சொருகுகின்றாரா என்றும் குறித்து வைக்கின்றனர். குறட்டையுடன் எழுப்பவியலாது கிடப்பவரை 'நன்றாக உறங்குகின்றார்' என்று விட்டுவிடுதல் பெரும் பிழை.

இனி, காலத்தின் கணக்கையும் நோக்குவோம். நாளத்தில் செலுத்திய மோர்பீன் ஏறக்குறைய 5 நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கி, 20 நிமிடமளவில் உச்சத்தை எய்தும். உடலிலுள்ள மருந்து பாதியாகக் குறைய 2 அல்லது 3 மணி நேரம் ஆகும். ஆகவே, ஏற்றும் வேகத்தை உயர்த்தினால் அதன் முழுப் பயன் தெரிய ஏறக்குறைய அரை நாள் செல்லும். நோவு தணியவில்லையென்று வேகத்தை அடிக்கடி உயர்த்தினால், மருந்து உடலிற் சேர்ந்து, எவரும் எதிர்பாராத வேளையில் மூச்சை அடக்கும். உடனடி நோவுக்குச் சிறு அளவொன்றைத் தனியே கொடுத்து, பயன் நோக்கிய பின்னரே வேகத்தைத் திருத்துதல் முறை. சிறுநீரகம் பழுதுற்றோரிடம் மோர்பீனின் விளைபொருள்கள் தேங்குவதால், அவர்க்கு வேறு மருந்தே ஏற்றது. முதியோருக்கும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவோருக்கும், வேறு உறக்க மருந்து உண்போருக்கும் கூடிய கவனம் வேண்டும்.

நோயாளி தாமே பொத்தானை அழுத்தி மருந்து பெறும் பம்பி 1976-ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்தது. ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலும் 1 மில்லிகிராம் மோர்பீன் செல்லும். அதன்பின் 5 முதல் 10 நிமிடம் வரை எத்தனை முறை அழுத்தினும் மருந்து வாராது. எனினும் இதன் மெய்யான காவல் பொறியன்று, நோயாளியின் விழிப்பே. மயக்கமுற்றவர் பொத்தானை அழுத்தார். மருந்தும் தானே நின்றுவிடும். அன்பு மிகுதியால் தாயோ மனைவியோ அவருக்காக அழுத்துவாராயின் அக்காவல் அழிந்துவிடுகின்றது. நோயாளியன்றிப் பிறர் எவரும் அதனைத் தொடலாகாது.

பொறியும் தானே பிழை திருத்தாது. தசமப் புள்ளி ஓரிடம் பிறழ்ந்தால் மருந்து பதின்மடங்காகும். ஆதலின் மருந்தின் பெயர், செறிவு, வேகம், குழாய் சென்று சேரும் இடம் ஆகியவற்றை இருவர் தனித்தனியே சரிபார்த்தல் வேண்டும். ஒட்சிசன் கொடுக்கப்படும் நோயாளியிடம், மூச்சுக் குன்றியபோதும் விரலிற் பூட்டிய கருவி நல்ல எண்ணையே காட்டக்கூடும்; அதனை மட்டும் நம்புதல் தகாது. மாற்று மருந்தாகிய நலொக்சோன் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். அதன் வேலை மோர்பீனுக்கு முன்னரே ஓய்ந்துவிடுமாதலால், விழித்தெழுந்தவரையும் மணிக்கணக்கிற் காத்திருந்து நோக்குதல் அவசியம்.

இத்துணை ஆபத்து உண்டெனின் மருந்தைக் கொடாது விடலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். அதுவும் காவலன்று. வயிற்றிற் சத்திர சிகிச்சை பெற்றவர் நோவுக்கு அஞ்சி ஆழ மூச்செடாது, இருமாது, எழுந்து நடவாது கிடப்பின், நெஞ்சிற் சளி தேங்கிச் சுரம் காணலாம். கால் நாளங்களில் இரத்தம் உறையலாம். நோவோடு விடுதலும் ஒரு தீங்கே.

ஆகவே, அச்சத்தால் மருந்தை மறுத்தலும் அலட்சியத்தால் மிகுத்தலும் ஒருங்கே விலக்கத்தக்கன. இவ்விரண்டிற்கும் நடுவே நோயாளியைக் காப்பது, குறித்த வேளை தவறாது கட்டிலருகே வந்து, பெயர் சொல்லி அழைத்து, மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ணும் ஒருவரின் விழிப்பேயாகும். வைத்தியத் தொழிலை நாடும் இன்றைய மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.